மாசத்துக்கு எத்தனை நாள் தலைவலி?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். வீட்டில் அம்மாவுக்கோ மதினிக்கோ தங்கச்சிக்கோ அடிக்கடி மண்டையிடி வருகிறது என்றால், அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று நம் பக்கத்தில் சொல்லாத ஆள் கிடையாது. சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். காய்ச்சலுக்காவது தெர்மாமீட்டர் இருக்கிறது, 102 காட்டினால் வீடே பதறும். தலைவலியை அளக்க ஒரு கருவியும் இல்லை. ஒற்றைத் தலைவலிக்காரருக்கு ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் "எல்லாம் நார்மல்" என்றுதான் வரும். "நார்மல்னு வந்திருச்சுல்ல, அப்புறம் எதுக்குப் படுத்துக் கிடக்க?" என்ற கேள்வி அடுத்து வரும். அந்தக் கேள்வியைத்தான் நாம் நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை, அறிவியல் பாடம் நடத்தியவன். மாத்திரையின் அளவு எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் இந்த நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள டாக்டராக இருக்க வேண்டியதில்லை. அதைத் தெரியாமல் இருப்பதால் நம் ஊரில் எத்தனை பேர் எத்தனை வருஷத்தை இருட்டறையில் கழிக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி, மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கமாக, நாடி துடிப்பதுபோல் விண் விண் என்று தெறிக்கும். படி ஏறினால், குனிந்து கூட்டினால் கூடும். குமட்டும், வாந்தி வரும். வெளிச்சமும் சத்தமும் ஆகாது. பெயர்தான் ஒற்றைத் தலைவலி, சிலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். பிள்ளைகளுக்கு நெற்றி முழுக்க வலிப்பதும், இரண்டு மணி நேரத்தில் விட்டுவிடுவதும் உண்டு. மத்தியானம் பெஞ்சில் தலை சாய்த்துக் கிடந்துவிட்டுச் சாயங்காலம் ஓடி விளையாடுகிற பிள்ளை வேஷம் போடுகிறது என்று முடிவுகட்டி விடாதீர்கள். ஆசிரியர்களாக இருக்கிற என் மாணவர்களுக்கு இது முக்கியம்.

வாந்தி எடுத்தபின் சிலருக்கு வலி குறைவதால் நம் பெரியவர்கள் இதைப் "பித்தத் தலைவலி" என்றார்கள். அவர்கள் கவனித்தது சரிதான், சொன்ன காரணம்தான் வேறு. கோளாறு வயிற்றில் இல்லை. மூளைக்கு வலி தெரியாது, ஆனால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் அதன் ரத்தக்குழாய்களுக்கும் தெரியும். முகத்துக்கும் தலைக்கும் உணர்ச்சி தருகிற முப்பெரு நரம்பு அங்கே தூண்டப்பட்டு, சிஜிஆர்பி என்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. குழாய்கள் விரிகின்றன, வலி பெருகுகிறது. இதைக் கண்டுபிடித்த எட்வின்சன், கோட்ஸ்பி, மாஸ்கோவிட்ஸ், ஓலெசன் என்ற நான்கு விஞ்ஞானிகளுக்கு 2021-இல் டென்மார்க்கின் 'மூளைப் பரிசு' கிடைத்தது. அந்தப் பொருளைத் தடுக்கிற ஊசிமருந்தும் 2018 முதல் வந்துவிட்டது, விலைதான் நமக்கு எட்டாது.

சிலருக்கு வலிக்கு முன்னால் கண்முன் மின்னல் மாதிரி கோணல்கோணலான வளையம் தெரியும், கொஞ்ச நேரம் ஒரு பக்கம் மங்கலாகும். கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கும் இது உண்டு. அவர் பயப்படாமல் அந்த வளையம் விரிவதைத் தாளில் வரைந்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒரு அலை நிமிஷத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941-இல் கணக்குப் போட்டுச் சொன்னார். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அதை உறுதி செய்தன. ஆகவே இது கண் திருஷ்டியும் இல்லை, நடிப்பும் இல்லை.

எத்தனை பேருக்கு இருக்கிறது? நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸைச் சேர்ந்தவர்கள் நகரத்திலும் கிராமத்திலுமாக 18 வயதிலிருந்து 65 வயது வரை உள்ள 2329 பேரிடம் கேட்டார்கள். 2015-இல் வெளியான கணக்கின்படி, ஓர் ஆண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் நூற்றுக்கு 25 பேர். நாலில் ஒருவர்! ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். "இது ஏசி ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கிறவங்க நோய்" என்று சொல்கிறவர்கள் இதை இரண்டு தடவை வாசிக்கவும்.

கிராமத்தில் ஏன் அதிகம் என்பதற்கு அந்த ஆராய்ச்சி என்ன சொல்லியிருந்தாலும், நம் பள்ளத்தாக்கின் ஒரு நாளைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம் வருவதில்லை. மைக்ரேனைக் கிளப்பிவிடுகிற முக்கியமான விஷயங்கள்: பட்டினி, தூக்கக் குறைவு, தண்ணீர் குடிக்காமை, கடும் வெயில், கடுமையான வாசனை, மனக்கவலை. பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் குறைவதும் ஒன்று. இப்போது ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்னே எழுந்து, சோறாக்கித் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, தான் ஒரு வாய் சாப்பிடாமல் ஜீப் ஏறுகிறார்கள். கம்பம் மெட்டு, குமுளி மலைப்பாதையில் நெருக்கியடித்துக் குலுங்கிப் போகிறார்கள். ஒதுங்க இடமில்லை என்பதால் தண்ணீரும் குடிப்பதில்லை. திராட்சைத் தோட்டத்து வேலையும் அப்படித்தான். பந்தலுக்குக் கீழே அண்ணாந்து பார்த்தபடி, கையைத் தூக்கியபடி மணிக்கணக்கில் நிற்க வேண்டும், மருந்தடித்த வாடை வேறு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. அந்தக் கொத்தை வெட்டிக் கூடையில் அடுக்குகிற பெண்ணின் கழுத்தையும் தலையையும் பற்றி யாராவது பேசினோமா?

தலைக்குக் குளித்தால் தலைவலி வருகிறது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள், நாம் சிரிப்போம். மும்பை டாக்டர் ரவிசங்கர் அப்படிச் சொன்ன 94 பேரைக் கவனித்து 2006-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். நீளமான கூந்தலைக் குளித்து ஈரத்தோடு விட்டால் சிலருக்கு மைக்ரேன் கிளம்புவது உண்மை. வெளிநாட்டுப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை நம் பெண்களே கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். கேட்க ஒரு டாக்டர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். நம் ஊர் வழக்கம் மூன்று. ஒன்று, "சைனஸ்" என்று பெயர் வைத்து வருஷக்கணக்கில் ஆவி பிடிப்பது. அமெரிக்காவில் தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய 2991 பேரைச் சோதித்தபோது நூற்றுக்கு 88 பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. இரண்டாவது, கண்ணாடி மாற்றுவது. கண்ணைச் சோதிப்பது நல்லதுதான், ஆனால் கண்ணாடியால் மைக்ரேன் போகாது. மூன்றாவது, பெட்டிக்கடை மாத்திரை. இந்த மூன்றாவதில்தான் ஆபத்து இருக்கிறது.

வலி மாத்திரையை அடிக்கடி போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். இது நான் சொல்வதில்லை, மருத்துவத்தில் இதற்குத் தனிப்பெயரே உண்டு. சாதாரண வலி மாத்திரையை மாசத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரையையும் எர்காட் சேர்ந்த மாத்திரையையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாசத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் இந்த நிலை வரும். முன்பு மாசத்துக்கு நான்கு நாள் வந்த வலி, இப்போது தினமும் வரும். தினமும் வருவதால் தினமும் மாத்திரை. தினமும் மாத்திரையால் தினமும் வலி. வெறும் வயிற்றில் போடுவதால் வயிற்றுப்புண்ணும் சேர்ந்துகொள்ளும். ஜீப் ஏறும் முன் "வராம இருக்கட்டும்" என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு போகிற தாய்மார்களே, தயவுசெய்து இதைக் கேளுங்கள். வேலை கெட்டுவிடக் கூடாது என்றுதான் போடுகிறீர்கள், எனக்குத் தெரியும். அந்த மாத்திரைதான் நாளடைவில் வேலையைக் கெடுக்கும்.

ஆகவே முதல் வேலையாக ஒரு காலண்டரை எடுங்கள். தலைவலி வந்த நாளில் ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளில் ஒரு கோடு, மாதவிலக்கு நாளில் ஒரு வட்டம். எழுத்துத் தெரியாத பாட்டிகூட வைத்துக்கொள்ளலாம். மூன்று மாசத்தில் எது எதற்குப் பின் வருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். டாக்டரிடம் "அடிக்கடி வரும் சார்" என்று சொல்வதைவிட "மாசத்துக்கு ஏழு நாள், ஒன்பது மாத்திரை" என்று சொன்னால் அவர் வைத்தியமே மாறும்.

வலி வரும் நாளில், டாக்டர் சொன்ன மாத்திரையை ஆரம்பத்திலேயே, சொன்ன அளவில் போட வேண்டும். "பொறுத்துப் பார்ப்போம்" என்று வலி முற்றியபின் போட்டால் சரியாக வேலை செய்யாது. அப்போது வயிறும் மந்தமாகிவிடும், வாந்தியும் வரும். ஆனால் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அது தேவைப்பட்டால் வைத்தியத்தை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். இருட்டறை, அமைதி, நெற்றியில் ஈரத்துணி, ஒரு தூக்கம் இவையும் மருந்துதான். சுக்குப் பற்றும் தைலமும் இதமாக இருந்தால் போடுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. அது வலியைத் தாங்க உதவும், நோயைத் தடுக்காது.

தடுக்க மருந்து உண்டு என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. மாசத்துக்கு நாலைந்து நாளாவது வேலையை முடக்கும் வலி என்றால், தினமும் சிறிய அளவில் ஒரு தடுப்பு மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்கலாம். ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்றவை பழைய, விலை குறைந்த மருந்துகள். ப்ரோப்ரனலால் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மைக்ரேனுக்காக இருக்கிறது. ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. வேறு சில மாத்திரைகள் கர்ப்பத்துக்கு ஆகாது. ஆகவே தானாக வாங்கிப் போடக் கூடாது. இதில் இரண்டு சிக்கல். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், பத்து நாளில் "கேட்கலை" என்று நிறுத்திவிடுகிறோம். இன்னொன்று, செல்போனில் பெயரைத் தட்டிப் பார்த்து "இது பிரஷர் மாத்திரை, இது மனநோய் மாத்திரை" என்று பயந்து தூக்கிப் போடுகிறோம். ஒரே மாத்திரை இரண்டு வேலை செய்யும் பிள்ளைகளே. வேப்பிலையை அம்மனுக்கும் கட்டுகிறோம், பூச்சிக்கும் போடுகிறோம்.

கண்முன் மின்னல் தெரிகிற வகை மைக்ரேன் உள்ள பெண்கள், ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரை எடுக்கக் கூடாது. பக்கவாத ஆபத்து கூடும். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிகரெட் பிடிக்கிற தம்பிகளுக்கும் அதே ஆபத்து.

சில தலைவலிகளுக்குக் காலண்டர் வேண்டாம், வண்டிதான் வேண்டும். இடி விழுந்ததுபோல் ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து இறுகுவது, கை கால் வழங்காமல் போவது, பேச்சுக் குழறுவது, தலையில் அடிபட்டபின் வருவது, 50 வயதுக்கு மேல் புதிதாக வருவது, கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பின்னோ புதிதாக வருவது. இவற்றில் எது வந்தாலும் உடனே கம்பம் அரசு மருத்துவமனைக்கோ க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள்.

கடைசியாக, மூன்று பேரிடம் என் கோரிக்கை.

வீட்டு ஆண்களிடம்: காலையில் அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், போதிய தண்ணீர், இவை மூன்றும்தான் மைக்ரேனுக்கு முதல் தடுப்பு. இவை மூன்றும் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது அவள் கையில் மட்டும் இல்லை. நாலு மணிக்கு எழுகிறவள் பதினொரு மணிக்குத்தான் பாத்திரம் கழுவி முடிக்கிறாள் என்றால், "நல்லாத் தூங்கு" என்று புத்தி சொல்வதில் என்ன பயன்? பாத்திரத்தைக் கழுவுங்கள்.

தோட்டம் வைத்திருக்கிற என் மாணவர்களிடம்: வேலை தொடங்கும் முன் கால் மணி நேரம் சாப்பிட விடுங்கள். குடத்தில் தண்ணீரும், பெண்கள் ஒதுங்க ஒரு மறைவிடமும் வையுங்கள். உங்களுக்குக் கொத்து ஒன்றும் குறைந்துவிடாது.

அரசாங்கத்திடம்: 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிரஷரையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே பார்த்து மாத்திரை கொடுக்கிறது. நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். அந்த அக்காமார்கள் கூடவே ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "மாசத்துக்கு எத்தனை நாள் தலைவலி, எத்தனை மாத்திரை?" அதிகம் என்று சொல்கிறவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பட்டும். இதற்குப் புதுக் கருவி வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். சுகாதாரத் துறையில் வேலை பார்க்கிற என் மாணவர்கள் இதை மேலே எடுத்துச் சொன்னால் சந்தோஷப்படுவேன்.

மைக்ரேனை அடியோடு விரட்ட இன்னும் வழி வரவில்லை. ஆனால் எட்டு நாளை மூன்று நாளாக்க வழி இருக்கிறது. மீதி ஐந்து நாள் ஒரு பெண்ணுக்குச் சம்பளம், ஒரு பிள்ளைக்குப் பாடம். இந்தப் பதிவை வாசித்தவர்கள் இன்றைக்கே வீட்டுக் காலண்டரில் ஒரு புள்ளியில் தொடங்குங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மற்றதற்கு என் மாணவர்களிலேயே டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
சுருளிப்பட்டி.