வரியில்லாத நாட்டில் ஒரு தலைவரி: வளைகுடாக் குடும்பங்களின் கணக்கு

லண்டன் உறவுகள் தொலைபேசியில் வந்தால் பேச்சு பெரும்பாலும் இரண்டு விடயங்களில் போய் நிற்கிறது. ஒன்று, பழைய டீசல் வாகனத்துக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்ஸ் மாசுக் கட்டணம். மற்றது, பிள்ளைகளுக்கான அரச கொடுப்பனவு. கடைசியில் ஒரு பெருமூச்சு: "உங்களுக்கென்ன, வரியில்லாத நாடு." வளைகுடாவில் கணக்கெழுதிச் சீவிப்பவன் என்ற வகையில், அந்தப் பெருமூச்சுக்கு இலக்கங்களில் பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பிரித்தானியாவைப் பார்ப்போம். மாசுக் கட்டண வலயம் 2023 ஓகஸ்ட் 29 இல் லண்டன் முழுவதற்கும் விரிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர் நடந்த அக்ஸ்பிரிட்ஜ் இடைத்தேர்தலில், வெல்லக்கூடும் என்று கருதப்பட்ட தொழிற்கட்சி 495 வாக்குகளால் தோற்றது. அந்த 495 வாக்குகள் இரண்டு பெரிய கட்சிகளையும் உலுக்கின. பழைய வாகனத்தைக் கைவிடுவோருக்கான உதவித்தொகை எல்லா லண்டன்வாசிகளுக்கும் திறக்கப்பட்டது. புதிய பெற்றோல் கார் விற்பனைக்கான தடையை அப்போதைய பிரதமர் சுனக் 2030 இலிருந்து 2035 க்குத் தள்ளினார். மூன்றாவது பிள்ளைக்குக் கொடுப்பனவு இல்லை என்ற 2017 ஆம் ஆண்டு விதியை எதிர்த்து வாக்களித்த தனது ஏழு உறுப்பினர்களைத் தொழிற்கட்சி 2024 இல் இடைநிறுத்தியது. அதே அரசு, 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அந்த விதியை 2026 ஏப்ரலிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. சரியோ பிழையோ, மக்கள் முணுமுணுத்தால் அங்கே கணக்கு மாறுகிறது.

இனி இங்கே வருவோம். ஐக்கிய அரபு எமிரேட்சில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் 2015 ஓகஸ்டிலிருந்து பெற்றோல் விலை உலகச் சந்தையோடு மாதாமாதம் ஏறி இறங்குகிறது. 2018 ஜனவரியில் 5 வீத வற் வரி வந்தது. டுபாயில் வருட வாடகையின் 5 வீதம் வீட்டுக் கட்டணமாக மின்பட்டியலோடு சேர்ந்து வரும். வாகன மாசுக்கென்று தனிக் கட்டணம் கிடையாது. அதற்குப் பதிலாகச் சாலிக் வாயில்கள் நிற்கின்றன. 2025 ஜனவரி 31 முதல் காலை 6 முதல் 10 மணி வரையும் மாலை 4 முதல் 8 மணி வரையும் ஒரு கடப்புக்கு 6 டிர்ஹாம். வேலைக்குப் போகவும் வரவும் தலா இரண்டு வாயில் கடப்பவருக்கு நாளுக்கு 24 டிர்ஹாம், 22 வேலைநாளுக்கு 528 டிர்ஹாம். பழைய 4 டிர்ஹாம் வீதத்தில் இது 352. லண்டனில் புதிய வாகனம் வைத்திருப்பவர் மாசுக் கட்டணம் கட்டுவதில்லை. இங்கே வாகனம் புதிதா பழையதா என்று வாயில் பார்ப்பதில்லை. வாடகைக்குப் பயந்து சார்ஜாவில் குடியிருந்துகொண்டு டுபாயில் வேலை செய்பவர்தான் வாயில்களை அதிகம் கடக்கிறார். (சாலிக் 2022 இலிருந்து பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம். நெரிசல் யாருக்கு இலாபம் என்பதை அதன் வருடாந்த அறிக்கையைப் பார்க்கும் எந்தக் கணக்காளரும் சொல்வார்.)

இந்தச் சுமைக்கு அரசு நிவாரணம் தரவில்லையா? தந்தது. 2022 ஜூலையில் பெற்றோல் லீற்றர் நாலரை டிர்ஹாமைத் தாண்டியபோது சமூக உதவித் திட்டத்தின் ஒதுக்கம் இரட்டிப்பாகி 28 பில்லியன் டிர்ஹாமானது. மாத வருமானம் 25,000 டிர்ஹாமுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு எரிபொருள் விலையேற்றத்தில் 85 வீதத்தை அரசே ஏற்றது. ஆனால் எல்லாம் குடிமக்களுக்கு மட்டும். சவூதியும் அப்படித்தான். 2018 ஜனவரியில் வற் வரியும் பெற்றோல் விலையேற்றமும் ஒரே நாளில் வந்தன. சில நாட்களில் அரச ஊழியர்களுக்கு மாதம் 1,000 ரியால் வாழ்க்கைச் செலவுப் படி அறிவிக்கப்பட்டது. தன் குடிமக்களைத் தன் பணத்தில் ஒரு நாடு தாங்குவதில் நான் குறை காணவில்லை. சனத்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவராக இருக்கும் எமிரேட்சில், அந்த ஒன்பது பேரின் அபிப்பிராயம் எங்கே பதிவாகிறது என்பதுதான் என் கேள்வி.

வளைகுடாவிலும் பெற்றோல் விலை ஒரு தேர்தலை ஆட்டியிருக்கிறது. குவைத்தில் 2016 செப்டம்பரில் உயர்தரப் பெற்றோல் 90 பில்ஸிலிருந்து 165 பில்ஸுக்கு ஏறியது. பாராளுமன்றம் கொதித்தது. ஒக்டோபரில் அது கலைக்கப்பட்டது. நவம்பர் தேர்தலில் எதிர்த்தரப்பினர் பலமாகத் திரும்பி வந்தனர். அந்தக் கோபத்தின் விலையை யார் கட்டினார்கள் என்று பாருங்கள். 2017 ஒக்டோபரில் அரச மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்கான கட்டணங்கள் உயர்ந்தன. வெளிநாட்டவர் சுவாசிக்கும் காற்றுக்கும் கட்டணம் வாங்க வேண்டும் என்ற அளவுக்குச் சபா அல் ஹாஷிம் என்ற உறுப்பினர் பேசினார். வாக்குள்ளவரின் சுமை வாக்கில்லாதவரின் தலைக்கு மாறியது. இப்போது அந்தப் பாராளுமன்றமும் இல்லை. 2024 மே மாதத்தில் அமீர் அதைக் கலைத்துவிட்டார்.

எல்லாவற்றிலும் கொடியது சவூதியின் தங்கி வாழ்வோர் கட்டணம். 2017 ஜூலையில் மனைவி, பிள்ளை என்று ஒவ்வொரு தலைக்கும் மாதம் 100 ரியாலில் தொடங்கியது. வருடம் 100 ஆக ஏறி 2020 ஜூலையில் 400 ஆனது. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது முன்கூட்டியே கட்ட வேண்டும். மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் வருடம் 19,200 ரியால். மாதம் 5,000 ரியால் உழைப்பவருக்கு அது வருமானத்தில் 32 வீதம். 20,000 உழைப்பவருக்கு 8 வீதம். பிரித்தானியாவில் இதற்குத் தலைவரி என்று பெயர். 1990 இல் தாட்சரின் பதவி போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சவூதியில் யாருடைய பதவியும் போகவில்லை. மக்கள் விமான நிலையத்தில்தான் தங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னார்கள். மனைவி பிள்ளைகளை ஊருக்கு ஏற்றிவிட்டு ஆண்கள் அறைகளைப் பங்குபோட்டுக் குடியேறினார்கள். பாடசாலைகளில் வகுப்புகள் வெறுமையாகின.

அரசு காது கொடுக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டுத் தொழிலாளருக்காக நிறுவனங்கள் கட்டவேண்டிய வரி தனியாக இருந்தது. தொழிற்சாலைகளுக்கு மட்டும் 2019 ஒக்டோபரிலிருந்து ஐந்து வருடங்களுக்கு அதை அரசே ஏற்றுக்கொண்டது. முதலாளிமாருக்கு அமைச்சின் கதவைத் தட்ட ஆள் இருந்தது. குடும்பக் கட்டணத்துக்கு அந்தச் சலுகை வரவில்லை.

கேரளத்தவருக்கும் பிலிப்பைன்ஸ்காரருக்கும் "ஊருக்கு அனுப்புதல்" என்ற வழி இருக்கிறது. எங்களில் பலருக்கு அந்த வழி பாதிதான் திறந்திருக்கிறது. ஆறு வளைகுடா நாடுகளும் 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. ஊரில் வீடில்லாதவர், போனால் விசாரணைக்குக் கூப்பிடுவார்களோ என்று பயப்படுபவர், சட்டத்தின் கண்ணில் ஒரு வேலை விசாக்காரர் மட்டுமே. குடும்பத்தை அனுப்பச் சென்னையில் வாடகை வீடு தேடும் எங்கள் ஆட்கள் இரண்டு நாட்டு வாடகை கட்டுகிறார்கள். அந்தச் செலவு எந்த விலைவாசிச் சுட்டெண்ணிலும் ஏறாது.

இங்கே வரவிருக்கும் பிள்ளைகளுக்கு, தொழில் முறையில் ஒன்று. பேரம் பேசக் கிடைக்கும் ஒரே இடம் கையொப்பமிடும் முன்னர் உள்ள ஒப்பந்தம். தங்கி வாழ்வோர் கட்டணம், பாடசாலைக் கட்டணம், வீதிக் கட்டணம் ஆகியவற்றை யார் கட்டுவது என்று எழுத்தில் கேளுங்கள். மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்காமல் அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். எமிரேட்சில் பணிக்கொடை, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம்; படிகள் அதில் சேராது. 2023 இல் வந்த வேலையிழப்புக் காப்புறுதி வெளிநாட்டவருக்கும் உண்டு. அடிப்படைச் சம்பளம் 16,000 வரை உள்ளவருக்கு மாதம் 5 டிர்ஹாம்தான், கட்டாயம் சேருங்கள். ஆனால் வேலை போனால் கிடைப்பது அடிப்படையில் 60 வீதம், அதிகபட்சம் மூன்று மாதம். 12,000 டிர்ஹாம் சம்பளத்தில் அடிப்படை 5,000 என்று எழுதப்பட்டிருந்தால், வேலை போன மாதத்தில் கைக்கு வருவது 3,000.