கதவு யாருக்குத் திறக்கிறது?

பூட்டிய கட்டடங்களின் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நல்வழக்கம் ஒன்று உலகெங்கும் பரவி வருகிறது. பிரான்சு நாடு 1984இல் தன் வரலாற்றுச் சின்னங்களின் கதவுகளை ஆண்டுக்கொருமுறை மக்களுக்குத் திறக்கத் தொடங்கியது. இலண்டன் மாநகரில் 1992இல் தொடங்கிய அத்தகைய விழா இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. மும்பை மாநகராட்சி, 1893இல் கட்டி முடிக்கப்பட்ட தன் தலைமைக் கட்டடத்தை 2021இல் வழிகாட்டிகளைக் கொண்டு சுற்றிக்காட்ட முன்வந்தது. சென்னையிலோ 2004 முதல் ஆகஸ்டு 22ஆம் நாளையொட்டிக் கொண்டாடப்படும் சென்னை நாள், மரபு நடைகளை நகரத்தாருக்குப் பழக்கப்படுத்தியிருக்கிறது. மக்களின் வரிப்பணத்தாலும் உடல் உழைப்பாலும் எழுந்த கட்டடத்தை மக்கள் உள்ளே சென்று காண்பது முறையே. இம்முயற்சிகளை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும், வியாசர்பாடியில் நின்று இவற்றை நோக்கும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன. எந்தக் கதவு திறக்கிறது? யாருக்குத் திறக்கிறது? திறந்த பின் உள்ளே என்ன சொல்லப்படுகிறது? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை காணாதவரை, மரபு நடை என்பது வசதியுள்ளவரின் காலை உலாவாகவே நின்றுவிடும் என்பது நம் கருத்து.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். சென்னையின் மரபு என்றவுடன் கோட்டையும், செனட் இல்லமும், 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையுமே பலர் நினைவுக்கு வருகின்றன. சென்ட்ரல் நிலையத்தோடு காணத்தக்க பழைமை முடிந்துவிடுகிறது. அதற்கு வடக்கே கரியும் புகையும் மட்டுமே உண்டு என்ற எண்ணம் படித்தவரிடையேகூட வேரூன்றியிருக்கிறது. இது அறியாமை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை முதல் நாள் புறப்பட்டது இராயபுரத்திலிருந்துதான். அன்றைய நிலையக் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. அதற்கு அருகிலேயே, கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து அலைகளைக் கடந்து சரக்கும் மனிதரும் கொண்டுவந்த படகோட்டிகள், தாங்கள் சேர்த்த பொதுப் பணத்தில் 1829இல் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் இருக்கிறது.

நம் பகுதிக்கு அருகிலோ, சென்னை நகரின் தொழில் வரலாற்றையே தாங்கி நின்ற பின்னி ஆலைகள் இருந்தன. 1876இல் பக்கிங்காம் ஆலையும் 1881இல் கர்நாடிக் ஆலையும் நிறுவப்பட்டு, 1920இல் இரண்டும் ஒன்றாயின. போர்வீரர்கள் உடுத்திய காக்கித் துணி இங்கே நெய்யப்பட்டது. பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி ஆகிய ஊர்களின் வீடுகளில் எத்தனையோ அடுப்புகள் இந்த ஆலையின் சங்கொலியை நம்பி எரிந்தன. நண்பகல் உணவுக்குக் கொடுக்கப்பட்ட இடைவேளை போதவில்லை என்ற எளிய முறையீடும் காரணமாகி, 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. துணை நின்றார். இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கம் என வரலாற்றாசிரியர் பலரும் குறிப்பிடுவது இதனையே. ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றதும், அது எழுப்பிய கொந்தளிப்பும், 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழிகோலின. இன்று இந்நாட்டில் சங்கம் வைக்கும் ஒவ்வொரு தொழிலாளியும், அறிந்தோ அறியாமலோ, இந்த ஆலை வாயிலுக்குக் கடன்பட்டவரே.

அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. பிறகு கதவு திறக்கவே இல்லையா? திறந்தது, திரைப்படப் பிடிப்புக் குழுவினருக்கு! கதாநாயகன் கயவர்களை அடித்து வீழ்த்தும் பாழடைந்த கூடமாக அதனைத் தமிழ்நாடே வெள்ளித்திரையில் கண்டது. அதே கூடத்தில் முப்பதாண்டு தறி ஓட்டியவரின் பேரன் தன் பாட்டனார் நின்ற இடத்தைக் கண்டதில்லை. பின்னர் நிலம் கைமாறியது, கூடங்கள் இடிக்கப்பட்டன, அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. பணம் கொடுப்பவருக்கெல்லாம் திறந்த கதவு, உழைத்தவரின் சந்ததிக்கு மட்டும் திறக்கவில்லை. இதனை விதி என்று சொல்லி அமைதியடைய நம்மால் இயலவில்லை.

இரண்டாவது கேள்வி, யாருக்கு என்பது. இங்கே ஒரு மறுப்பு எழும். "மழை பெய்தால் வீட்டுக்குள் சாக்கடை நீர் புகும் ஊரில், பழைய சுவர்களைப் பார்த்து என்ன பயன்? முதலில் குடிநீர் கேளுங்கள்" என்பார் சிலர். குடிநீர் கேட்பதை நாம் ஒருநாளும் நிறுத்தப்போவதில்லை. ஆனால் ஏழைக்கு வயிறு மட்டுமே உண்டு, நினைவு கிடையாது என்று யார் தீர்மானித்தது? தன் முன்னோர் இந்த நகரத்தை உடுத்தினர், அதன் கப்பல்களை இறக்கினர், அதன் சட்டங்களையே மாற்றினர் என்று அறிந்த இளைஞன், மாநகராட்சி அலுவலகத்தில் மனுவோடு நிற்கும்போது வேறு விதமாக நிற்பான். வியாசர்பாடி என்றவுடன் குற்றச் செய்தியை மட்டும் நினைக்கும் ஊருக்கு விடைசொல்ல அவனிடம் சொற்கள் இருக்கும். நம் இரயில் நிலையம் ஜீவாவின் பெயரைத் தாங்குகிறது. அப்பெயர் ஏன் அங்கே இருக்கிறது என்பதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்? வரலாற்றை இழந்தவன் உரிமையை இரந்து கேட்பான். வரலாற்றை அறிந்தவன் உரிமையோடு கேட்பான்.

மூன்றாவது கேள்வியே கடினமானது. கட்டடத்தினுள் அழைத்துச் செல்பவர் பெரும்பாலும் கூறுவது என்ன? வரைந்த பொறியாளரின் பெயர், அடிக்கல் நாட்டிய ஆளுநரின் பெயர், தூண்களின் வகை, ஆன செலவு. செங்கல் சுமந்த பெண்ணின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. விவிலியத்தில் நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தை வாசிப்போர் வியப்படைவர். எருசலேம் மதிலின் எந்தப் பகுதியை எவர் பழுதுபார்த்தார் என்று பெயர் பெயராக அங்கே எழுதப்பட்டிருக்கிறது. பொற்கொல்லர், நறுமணப் பொருள் செய்வோர், வணிகர், தம் புதல்வியரோடு உழைத்த சல்லூம் என எல்லாரும் இடம்பெறுகின்றனர். தோள்கொடுக்க மறுத்த தெக்கோவா ஊரின் பெரியோரும் அப்படியே பதிவாகியுள்ளனர். மரபு வழிகாட்டிகளுக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. உழைத்தவரைப் பெயர் சொல்; ஒதுங்கியவரையும் மறைக்காதே.

மறைக்காதே என்பது நமக்கும் பொருந்தும். தொழிலாளர் வரலாறு பெருமை மட்டுமே கொண்டதன்று. 1921இல் மாதக்கணக்கில் இழுத்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் சாதியால் பிளவுபட்டனர். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு மாதத்தில் காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒரே தறிக்கூடத்தில் வியர்வை சிந்தியவர்கள் தெருவில் ஒருவரையொருவர் பகைத்தனர். முதலாளியின் கொடுமையை விரிவாகச் சொல்லி இதனை விட்டுவிடும் வழிகாட்டி, ஆளுநரை மட்டும் புகழும் வழிகாட்டியைவிட மேலானவர் அல்லர். அந்தப் பிளவு இன்றும் நம் தெருக்களில் உயிரோடு இருப்பதால், அதனைச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை சில. மரபு நடைகள் பேசின் பாலத்தைக் கடந்து வடக்கே வரட்டும். அவை ஞாயிறு பிற்பகலில், கட்டணமின்றி, தமிழில் நடக்கட்டும். வழிகாட்டும் பணி ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளருக்கும் துறைமுகத் தொழிலாளருக்கும் முதலில் கொடுக்கப்பட்டு, அதற்குரிய ஊதியமும் வழங்கப்படட்டும். மீந்திருக்கும் தொழிற்கூடங்களை இடிக்குமுன் ஒருநாளேனும் அங்கு உழைத்தவர்கள் குடும்பத்தோடு உள்ளே செல்ல வாய்ப்பளிப்பதை அரசு நிபந்தனையாக்கட்டும். 1970இல் மின்னாக்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் போன்றவற்றின் கதையும், அவற்றின் சாம்பலை ஆற்றிலும் மூச்சிலும் ஏற்ற மீனவரின் கதையும் எழுதப்பட்டாக வேண்டும்.

இறைமக்களாகிய உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஆலை அடையாள வில்லையோ, சம்பளச் சீட்டோ, சங்க இரசீதோ கிடக்கலாம். பழைய தாள் வாங்குபவரின் தராசுக்கு அவற்றை அனுப்பிவிடாதீர்கள். முதியோர் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் எந்தக் கூடத்தில், எந்த முறையில், யாரோடு பணியாற்றினார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். அன்பியக் கூட்டங்களில் அவற்றை வாசியுங்கள். ஆலை இடிந்துவிட்டது, மீண்டும் எழாது. ஆனால் அதனுள் செல்லும் வழி இன்னும் எழுபது, எண்பது வயது மனிதர் சிலரின் நினைவில் திறந்தே இருக்கிறது. அந்தக் கதவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. காலம் மட்டுமே குறைவு.