ஒட்டாத நாடாவும் ஒட்டும் வகையும்

சென்ற மாதம் இப்பகுதியில், மழைக்காலத்தில் உப்பும் அப்பளமும் நமுத்துப் போகாமல் காப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த நம் சங்கத்துச் சகோதரி ஒருவர், "அப்பளம் இருக்கட்டும், சுவரில் ஒட்டிய கொக்கி ஒரு வாரங்கூட நிற்கவில்லையே, அதற்கு ஏதேனும் வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறார். வாடகை வீட்டில் வசிக்கும் நம்மவர்க்கு இது அற்பமான கேள்வி அன்று. ஆணி அடித்தால் வீட்டுக்காரர் முன்பணத்தில் கை வைத்துவிடுவார். அடிக்காவிட்டாலோ, ஊரிலிருந்து ஆசையுடன் வருவித்த தினசரிக் காலண்டரை மாட்ட இடமில்லை. ஆகவே கடைக்குப் போய்ப் பசைக் கொக்கியும் இருபுறம் ஒட்டும் நாடாவும் வாங்குகிறோம். அவை விழுந்தவுடன் பசையைத் திட்டுகிறோம். அடுத்த முறை இன்னும் விலை கூடிய சரக்காகப் பார்த்து வாங்குகிறோம். அதுவும் விழுகிறது.

நான் ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருப்பவன். நாள்தோறும் நூற்றுக்கணக்கான அட்டைப்பெட்டிகள் என் கண் முன்னே வந்து போகின்றன. ஒரே கடையில் வாங்கிய ஒரே நாடாவால் கட்டப்பட்ட இரண்டு பெட்டிகளில் ஒன்று சிறிதும் குலையாமல் வந்து சேர்வதையும், மற்றொன்று வாயைப் பிளந்துகொண்டு வந்து நிற்பதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். குற்றம் பெரும்பாலும் பசையினுடையது அன்று. அது ஒட்டப்பட்ட பரப்பினுடையதும், ஒட்டிய கையினுடைய அவசரத்தினுடையதுமே ஆகும்.

டேப் என்று நாம் அனைவரும் வழங்கும் இந்த ஒட்டுநாடாவின் பசை, தபால்தலைப் பசையைப் போலவோ மைதாக் கஞ்சியைப் போலவோ காய்ந்து இறுகும் இனத்தைச் சேர்ந்ததன்று. அது காயாமல், திரவமும் அன்றித் திடமும் அன்றி, இடைப்பட்ட நிலையிலேயே இருப்பது. அழுத்தினால் மெல்ல ஓடிப் பரப்பிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களில் இறங்கும். வெடுக்கென்று இழுத்தால் எதிர்த்து நிற்கும். அமெரிக்காவில் த்ரீ எம் கம்பெனியில் பணிபுரிந்த ரிச்சர்டு ட்ரூ என்பவர், மோட்டார் வண்டிகளுக்கு இரண்டு வர்ணம் பூசுவோரின் உபயோகத்திற்காக 1925-ஆம் ஆண்டில் காகித நாடாவையும், பின்னர் 1930-இல் கண்ணாடி போன்ற செல்லோபேன் நாடாவையும் செய்தளித்தார். அதன் பிறகு எத்தனையோ வகைகள் வந்துவிட்டன. ஆயினும் சூட்சுமம் மாறவில்லை: எவ்வளவு பரப்பைப் பசை மெய்யாகவே தொடுகிறதோ அவ்வளவே பிடிப்பு. கண்ணுக்கு நாடா முழுவதும் படிந்துவிட்டதுபோல் தோன்றும். உள்ளே பசையானது மேடுகளின் உச்சியை மாத்திரம் தொட்டுக்கொண்டு, பள்ளங்களில் காற்றையும் தூசியையும் வைத்து மூடியிருக்கக்கூடும்.

நம் வீடுகளில் பசைக்கு முதல் விரோதி எண்ணெய்ப் பிசுக்கு. தாளிதப் புகை தினந்தோறும் சமையலறைச் சுவரில் மெல்லிய படலமாய்ப் படிகிறது. பார்வைக்கு ஓடுகள் பளபளவென்றே இருக்கும். விரலால் வழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதன்மேல் ஒட்டிய கொக்கி ஓட்டில் ஒட்டவில்லை, எண்ணெயில் ஒட்டியிருக்கிறது. முதலில் சோப்பு நீரால் கழுவி, சோப்பின் எச்சமும் போகும்படி நல்ல தண்ணீரால் இருமுறை துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்து ஒரு முறை துடைத்து உலர்த்திவிட்டால் போதும். சிலர் மண்ணெண்ணெயால் துடைக்கிறார்கள். அது பழைய பிசுக்கை நீக்கித் தன் பிசுக்கை வைத்துவிட்டுப் போகும். கைக்குத் தடவும் சானிடைசரும் உதவாது. கை வறளாமல் இருக்க அதில் கிளிசரின் போன்ற பொருள் சேர்த்திருப்பார்கள்.

துடைத்தது போதுமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. அவ்விடத்தில் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நீர் ஒரே படலமாய்ப் பரவினால் பசையும் பரவும். தாமரை இலைத் தண்ணீர்போல் முத்து முத்தாய்த் திரண்டு ஓடினால், ஒன்று பிசுக்கு இன்னும் இருக்கிறது, அல்லது அப்பொருளின் இயல்பே அப்படிப்பட்டது. பிளாஸ்டிக் வாளி, மாவு டப்பா முதலியவற்றைச் செய்யும் பாலிஎதிலீன், பாலிபுரோபிலீன் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. எத்தனை கழுவினாலும் அவற்றில் சாதாரண நாடா உறுதியாகப் பிடிக்காது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் ஓரளவு பலன் உண்டு, அவ்வளவே. கண்ணாடி, எவர்சில்வர், மெருகிட்ட ஓடு ஆகியவை பசைக்கு நல்ல நண்பர்கள்.

சுவர் விஷயம் வேறு. சுண்ணாம்போ மலிவான டிஸ்டெம்பரோ பூசிய சுவரில் உள்ளங்கையைத் தேயுங்கள். கையில் வெண்பொடி ஒட்டினால், நாடாவும் அந்தப் பொடியைத்தான் பற்றும். பாரம் ஏறியதும் பொடியோடு கழன்று வரும். பம்பாய், கல்கத்தா போன்ற ஊர்களில் மழைக்குப் பின் உப்புப் பூத்து நிற்கும் சுவர்களும் இப்படித்தான். இங்கே எந்த உயர்ந்த நாடாவும் பயன்படாது. கதவின் பக்கத்தையோ இரும்பு அலமாரியையோ நாடுவதே மேல். எண்ணெய் வர்ணம் பூசிய சுவரானால் பாதகமில்லை. புதிதாக வர்ணம் பூசியிருந்தால் ஒரு வாரமாவது பொறுத்து ஒட்ட வேண்டும். கேட்ட சகோதரிக்கு இன்னும் ஒன்று சொல்லவேண்டும்: கண்ணாடி போட்ட படத்தை, அதுவும் கீழே விளக்கேற்றும் இடத்திலோ குழந்தையின் தொட்டிலுக்கு மேலோ, பசையை நம்பி மாட்டவே கூடாது. அதற்கு வீட்டுக்காரரிடம் வாதாடி ஓர் ஆணிக்கு அனுமதி பெறுவதே விவேகம்.

ஒட்டும் விதத்திற்கு வருவோம். நாடாவை இழுத்து விறைப்பாக ஒட்டுவதை நம்மில் பலர் சாமர்த்தியம் என்று எண்ணுகிறோம். இழுபட்ட நாடா தன் பழைய நீளத்துக்குத் திரும்பவே முயலும்; நாளடைவில் முனைகள் தாமே சுருண்டு எழும். தளர்வாக விட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, கரண்டியின் முதுகாலோ அடிக்குச்சியாலோ பலமாகத் தேய்த்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். முனையைக் கைவிரலால் தொட்டுத் தொட்டுப் பிடித்தால், விரலின் எண்ணெய் ஏறி, அதிகம் பிடிக்க வேண்டிய இடமே பிடிக்காமல் போகும். ஒரு துண்டை மட்டும் ஒட்டுவதானால் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக நறுக்கிவிடுங்கள். கூரான மூலையிலிருந்துதான் உரியத் தொடங்கும்.

ஒட்டியவுடனே பாரம் தொங்கவிடுவதும் தவறு. பசை பள்ளங்களில் இறங்க அவகாசம் வேண்டும். இருபுறம் ஒட்டும் கனத்த நாடாக்களைச் செய்வோர் கூறும் கணக்குப்படி, அறையின் சாதாரண வெப்பத்தில் 20 நிமிஷத்தில் பாதிப் பலமும், 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 90 சதவீதமும், 72 மணி நேரத்தில் முழுப் பலமும் வருகின்றன. குளிரில் பசை இறுகிவிடும், ஓடாது. 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே ஒட்டவேண்டாம் என்று பல நாடாக்களுக்கு எச்சரிக்கை உண்டு. தில்லியிலும் கான்பூரிலும் தை மாதத்து விடியற்காலையில் பெட்டி கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாடாச் சுருளைச் சிறிது நேரம் வெயிலில் வைத்து, பெட்டியையும் வெயிலில் காட்டி, பிறகு கட்டினால் வேற்றுமை கையிலேயே தெரியும். ஆனால் சுருளை ஜன்னலோரத்தில் நிரந்தரமாக வைத்துவிடாதீர்கள். வெயிலும் தூசியும் பசையைப் பாழாக்கும். மூடிய தகர டப்பாவே அதற்கு இடம்.

இனி நான் அறிந்த அட்டைப்பெட்டிக்கு வருகிறேன். மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய பழைய பெட்டியில் மாவும் தூசியும் படிந்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டே ஒட்ட வேண்டும். ஈரம் பட்ட பெட்டியோ உதவவே உதவாது. ஒட்டிய நாடாவின் முனையைச் சற்றே கிளப்பிப் பாருங்கள். அட்டையின் நார் அதனுடன் உரிந்து வந்தால் பிடிப்பு உறுதி. வழவழவென்று தனியே வந்தால் மறுபடி அழுத்துங்கள். நாடா நீளவாக்கில் இழுபடும்போது மிகுந்த பாரம் தாங்கும். ஓரத்திலிருந்து உரிக்கும்போது மிகச் சிறு விசைக்கும் தோற்றுவிடும். ஆகவே மூடியின் நடுப்பிளவில் ஒட்டும் நாடாவை விளிம்போடு நிறுத்தாமல், இரு பக்கமும் கீழே இரண்டு மூன்று அங்குலம் இறக்கி ஒட்ட வேண்டும். இரு ஓர விளிம்புகளிலும் அவ்வாறே. தண்ணீர் தொட்டு ஒட்டும் பழைய காகித நாடாவைச் சிலர் ஏளனம் செய்கிறார்கள். எனக்கு அதன்மீது மதிப்பு உண்டு. அது அட்டையின் நாருக்குள்ளே ஊறி அதனோடு ஒன்றாகிவிடுகிறது. சாக்குத் துணி போர்த்திய மூட்டைக்கு எந்த நாடாவும் வேண்டா. கோணி ஊசியும் சணலும் இருக்கின்றன.

பெட்டியின் நாடாவைப் பற்றி இவ்வளவு எழுதுவதா என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 1943-இல், யுத்தகாலத்தில், அமெரிக்காவில் தோட்டாப் பெட்டிகளைப் பரிசோதித்துக் கட்டும் வேலையில் இருந்த வெஸ்டா ஸ்டவுட் என்னும் மாது, பெட்டியைத் திறக்க வைத்த காகித நாடாவின் நுனி இழுக்கும்போதே அறுந்துபோவதைக் கண்டார். அவருடைய புதல்வர் இருவர் கடற்படையில் இருந்தனர். போர்முனையில் ஒரு பெட்டியைத் திறக்க ஒரு நிமிஷம் அதிகமானால் என்ன ஆகும் என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. மேலதிகாரிகள் செவிசாய்க்காமல் போகவே, துணியால் செய்த உறுதியான நாடா வேண்டும் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். அது ஏற்கப்பட்டது. இன்று குழாய் ஒழுக்கு முதல் பெட்டி வரை எல்லாவற்றுக்கும் நாம் ஒட்டும் துணி நாடா அவ்விதம் பிறந்ததே.

சென்ற ஆண்டு ஆடி மாத மழையில் எங்கள் கொட்டகையில் ஒரு பெட்டி விலாசமின்றிக் கிடந்தது. முகவரிச் சீட்டை நான்கு மூலையிலும் சின்னத் துண்டு நாடா வைத்து ஒட்டியிருக்கிறார்கள். நனைந்த அட்டையில் ஒன்றும் நிற்கவில்லை. உரியவர் தெரியாத பெட்டி கேட்பாரற்ற சரக்காகி, முடிவில் ஏலத்துக்குப் போகும். இரண்டு நாள் கழித்து ஓர் அம்மையார் ரசீதுடன் வந்தார். "தம்பி, அவர் எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்கள் அப்பா அதிலே. வேறு பிரதி கிடையாது" என்றார். "அம்மா, உட்காருங்கள், பார்க்கலாம்" என்று சொல்லி, அதிகாரியின் முன்னிலையில் பெட்டியைத் திறந்தோம். எல்லாவற்றுக்கும் மேலே, குழந்தைக் கையெழுத்தில் பெயரும் ஊரும் எழுதிய ஒரு தாள் இருந்தது. பேத்தி விளையாட்டாக எழுதிப் போட்டதாம்.

இடையில் ஒரு வார்த்தை. பள்ளிச் சான்றிதழ், பத்திரம், பழைய புகைப்படம் இவை கிழிந்தால் இந்த நாடாவை அவற்றின் அருகிலும் கொண்டு போகாதீர்கள். அங்கே அது மிக நன்றாகவே ஒட்டும். சில ஆண்டுகளில் பசை மஞ்சளித்துத் தாளுக்குள் இறங்கிக் கறையாகிவிடும், எடுக்கவும் வராது.

முகவரியைப் பொறுத்தவரை, அட்டையின் மீதே அழியாத மையால் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். சீட்டு ஒட்டுவதானால் மூலைகளில் மட்டும் ஒட்டாமல், சீட்டு முழுவதையும் மூடி, நான்கு புறமும் ஓர் அங்குலம் மிஞ்சும்படி அகல நாடாவை ஒட்டித் தேய்த்துவிடுங்கள். அனுப்புவோர், பெறுவோர் இருவர் விலாசமும் எழுதிய மற்றொரு தாளைப் பெட்டிக்குள்ளே எல்லாவற்றுக்கும் மேலாக வைத்து, அதன் பிறகே மூடுங்கள்.