இலவசம் — யாருடைய செலவில்?

நியூயார்க் நகரத்தில், குடியிருப்போர் தாங்களே கூடி நடத்தும் இணைய சேவை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் என்.ஒய்.சி. மெஷ். அதற்கு முதலாளி கிடையாது, லாபக் கணக்கு கிடையாது, விளம்பரம் கிடையாது. யார் எதைப் படிக்கிறார், எதைத் தேடுகிறார் என்று வேவு பார்த்து விற்கும் வியாபாரமும் கிடையாது. பணம் கொடுக்க இயலாதவருக்கும் அங்கே இணைப்பு உண்டு.

இந்த ஸ்தாபனம் தன் சேவையைப் பயன்படுத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறது. முடிந்தவர்கள் மாதந்தோறும் நன்கொடை தர வேண்டும் என்பதே அந்த வேண்டுகோள்.

உடனே கிளம்புகிறது ஆட்சேபம்! இலவசம் என்று சொல்லிவிட்டு உண்டியல் குலுக்குவானேன்? கம்பெனிக்காரன் பில் அனுப்புகிறான். இவர்கள் வேண்டுகோள் அனுப்புகிறார்கள். இரண்டுக்கும் என்ன பேதம்?

பேதம் இருக்கிறது. அது சிறிய பேதமல்ல. அதைப் பயன்படுத்துவோர் புரிந்துகொண்டால் அந்தச் சேவை வாழும். புரிந்துகொள்ளாவிட்டால், ஒன்று அது சாகும், அல்லது விலைபோகும்.

சும்மா வருவதல்ல

முதலில், இந்த வலை எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஆன்டெனா வைக்கப்படுகிறது. அது அடுத்த தெருவிலுள்ள இன்னொரு மாடியின் ஆன்டெனாவை நேருக்கு நேர் பார்க்கிறது. அது மற்றொன்றைப் பார்க்கிறது. இப்படி மாடிக்கு மாடி தாவி, உயரமான கட்டடம் ஒன்றிலுள்ள பெருநிலையத்துக்குச் செய்தி போய்ச் சேருகிறது. அங்கிருந்து அது உலக இணையத்தோடு கலக்கிறது. தன் மாடியில் ஆன்டெனா வைக்க இடம் கொடுப்பவர் இணைப்பைப் பெறுகிறவர் மட்டுமல்ல. அக்கம்பக்கத்துக்கு அதைக் கடத்திக் கொடுப்பவரும் ஆகிறார்.

ஏணி ஏறி ஆன்டெனா கட்டுகிறவர்கள் தொண்டர்கள். அவர்கள் உழைப்புக்குக் கூலி கேட்பதில்லை. ஆனால் ஆன்டெனாவைத் தொண்டரே செய்துவிட முடியுமா? ரவுட்டரையும் கேபிளையும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பழுதானதை மாற்ற வேண்டும். பெருநிலையத்தின் இயந்திரங்களுக்கு இடவாடகை, மின்சாரம், வெளியுலக இணையத்தோடு இணைவதற்கான கட்டணம் — இத்தனையும் உண்டு. இவற்றை விற்கிறவர்கள் தொண்டர்கள் அல்ல. மாதம் பிறந்தால் அவர்களுடைய பில் தவறாமல் வந்து நிற்கிறது.

ஆகவே செலவு இருக்கிறது. அதை யாராவது கொடுத்தே தீர வேண்டும். யார் கொடுப்பது? கேள்வி இது ஒன்றுதான். ஏனென்றால், எவன் செலவைக் கொடுக்கிறானோ அவன் கையில்தான் கடைசியில் கடிவாளம் போய்ச் சேருகிறது.

கம்பெனி கொடுத்த வாக்கு

எல்லாவற்றையும் கம்பெனிகளிடம் விட்டுவிடலாமே என்று சொல்கிறவர்கள் உண்டு. நியூயார்க்கில் விட்டுப் பார்த்தார்கள். என்ன நடந்தது?

2008ல் வெரைசன் கம்பெனி நகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2014 ஜூன் முடிவதற்குள் நகரத்தின் வீடுகள் அனைத்தையும் எட்டும்படி கண்ணாடி இழைக் கேபிள் போடுவதாக ஒப்புக்கொண்டது. 2014 வந்தது, போயிற்று. வாக்கு நிறைவேறவில்லை என்பதை 2015ல் நகராட்சியின் தணிக்கை அம்பலப்படுத்தியது. 2017ல் நகராட்சி வழக்குத் தொடுத்தது. 2020 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. இன்னும் 5 லட்சம் வீடுகளுக்கு 2023 ஜூலைக்குள் கேபிள் கொண்டு செல்வதாகப் புதிய வாக்கு! ஆறு ஆண்டில் முடிப்பதாகச் சொன்ன வேலைக்குப் பதினைந்து ஆண்டுத் தவணை!

அதற்குள் மக்கள் பட்ட பாடு என்ன? 2020 ஜனவரியில் நகராட்சியே வெளியிட்ட இணையத் திட்ட அறிக்கையைப் பாருங்கள். நூற்றுக்கு 29 குடும்பங்களுக்கு வீட்டில் அதிவேக இணைப்பு இல்லை. 15 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு வீட்டு இணைப்பும் இல்லை, கைபேசி வழி இணைப்பும் இல்லை. வால் ஸ்ட்ரீட் பணமூட்டைகள் வாழும் நகரத்தின் லட்சணம் இது! இரண்டு மாதத்தில் கொரோனா வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, பாடம் இணையத்துக்குப் போயிற்று. வீடற்றோர் விடுதிகளில் தங்கியிருந்த பிள்ளைகளுக்கு இணைப்புக் கேட்டு, அந்த ஆண்டு நவம்பரில் கோர்ட்டு வாசலை மிதிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் கேளுங்கள். ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 15 டாலருக்கு இணைப்புத் தர வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 2021ல் சட்டம் செய்தது. கம்பெனிகளின் சங்கங்கள் கோர்ட்டுக்கு ஓடின. இழுத்து இழுத்து, 2025 ஜனவரியில்தான் சட்டம் அமலுக்கு வந்தது. வந்ததும் ஏ.டி. அண்டு டி. கம்பெனி என்ன செய்தது? வீடுகளுக்குக் கம்பியில்லாமல் தந்துவந்த இணைய சேவையை அந்த மாநிலத்தில் அடியோடு நிறுத்திக்கொண்டது! லாபம் குறைந்தால் கடையைக் கட்டுகிறவனிடம் ஊரின் கண்ணையும் காதையும் ஒப்படைத்து வைப்பது விவேகமா?

கம்பெனியின் 'இலவசம்'

கம்பெனிகளும் இலவசம் தருவதுண்டு. அதன் யோக்கியதையையும் பார்த்துவிடுவோம்.

2016ல் நியூயார்க் தெருக்களில் பழைய பொதுத் தொலைபேசிகளை எடுத்துவிட்டு, லிங்க் என்.ஒய்.சி. என்ற கம்பங்களை நாட்டத் தொடங்கினார்கள். வைஃபை இலவசம் என்றார்கள். பணம் எங்கிருந்து? கம்பத்தின் இரு பக்கமும் மின்னும் விளம்பரத்திலிருந்து! விளம்பரக்காரனுக்கு எந்தத் தெரு வேண்டும்? காசு புழங்கும் தெரு வேண்டும். ஆகவே கம்பங்கள் மன்ஹாட்டனில் குவிந்தன. ஏழைப் பேட்டைகள் காத்துக் கிடந்தன. நகராட்சிக்குச் சேர வேண்டிய பங்கிலும் அந்தக் கம்பெனி கோடிக்கணக்கான டாலர் பாக்கி வைத்தது.

நமக்கும் இந்த வித்தை புதிதல்ல. 2015ல் ஃபேஸ்புக் கம்பெனி, இந்திய ஏழைகளுக்கு இலவச இணையம் என்று தம்பட்டம் அடித்துக்கொண்டு வந்ததே, நினைவிருக்கிறதா? 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஃபேஸ்புக் வகுத்த விதிக்கு உட்பட்டு உள்ளே வந்த தளங்கள் மட்டும் இலவசம், மற்றதற்குக் காசு. ஏழைக்கு இணையம் அல்ல, இணையத்தின் ஒரு சந்து! மக்கள் எதிர்த்தார்கள். 2016 பிப்ரவரி 8ம் தேதி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இத்தகைய பேதக் கட்டணங்களைத் தடை செய்தது.

ஆக, கம்பெனியின் இலவசத்துக்கும் விலை உண்டு. அந்த விலையை நம் கண்ணுக்குத் தெரியாமல் வசூலிக்கிறார்கள். மக்களின் சேவையோ செலவைக் கண்ணெதிரே சொல்லி, முடிந்ததைக் கொடு என்கிறது. எது நேர்மை?

சர்க்காரின் கடமை அல்லவா?

இங்கே இன்னொரு வாதம் வருகிறது. இதைச் சொல்கிறவர்கள் நம் பக்கத்து நண்பர்கள். தண்ணீரைப் போல, மின்சாரத்தைப் போல, இணையமும் இன்று அவசியமாகிவிட்டது. அதைத் தருவது சர்க்காரின் கடமை. மக்களிடம் உண்டியல் ஏந்தினால் சர்க்கார் தப்பித்துக்கொள்ளாதா என்று கேட்கிறார்கள்.

சர்க்காரின் கடமைதான். அதில் சந்தேகமே வேண்டாம். அந்தக் கோரிக்கையை ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் சர்க்கார் பணம் எந்த வழியில் பாய்கிறது என்று பார்த்தீர்களா?

அமெரிக்க மத்திய சர்க்கார் ஏழைக் குடும்பங்களின் இணையக் கட்டணத்துக்கு மாதம் 30 டாலர் வரை உதவித் தொகை கொடுத்தது. 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் அதில் சேர்ந்திருந்தன. தொகை குடும்பத்தின் பெயரில். போய்ச் சேர்ந்ததோ கம்பெனியின் கஜானாவில். ஒதுக்கிய பணம் தீர்ந்தது. புதிதாக ஒதுக்க அமெரிக்கக் காங்கிரஸ் முன்வரவில்லை. 2024 ஜூன் 1ம் தேதி திட்டம் முடிந்தது. அத்தனை ஆயிரங்கோடி செலவழித்த பிறகு மக்கள் கையில் மிஞ்சியது என்ன? ஒரு கேபிளாவது, ஒரு கம்பமாவது அவர்களுக்குச் சொந்தமாயிற்றா?

நியூயார்க் நகராட்சி 2022 செப்டம்பரில் பொதுக் குடியிருப்புகளில் வாழ்வோருக்கு இலவச இணைப்புத் திட்டம் தொடங்கியது. ஏழைக்கு இணைப்புக் கிடைப்பது நல்லதே. ஆனால் வரிப்பணம் யாருக்குப் போயிற்று? ஆல்டிஸ், சார்ட்டர் என்ற கேபிள் கம்பெனிகளுக்கு. இந்தச் சார்ட்டர் யார்? 2017 மார்ச்சில் இதே நகரத்தில் சுமார் 1,800 தொழிலாளர்கள், ஓய்வூதியத்தையும் மருத்துவ உரிமையையும் காப்பாற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்களே, அந்தக் கம்பெனி! ஐந்தாண்டு நீடித்த அந்தப் போராட்டம் 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் இல்லாமலே முடிந்தது. ஐந்தே மாதத்தில் அதே கம்பெனிக்கு நகராட்சியின் பணம்!

அந்தத் தொழிலாளர்கள் கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் 'பீப்பிள்ஸ் சாய்ஸ்' என்ற கூட்டுறவு இணைய ஸ்தாபனத்தை அமைத்து, பிராங்ஸ் பகுதியில் ஆன்டெனா கட்ட ஆரம்பித்தார்கள். கம்பெனிக்குக் கேபிள் இழுத்த அதே கைகள்! மக்களால் இதை நடத்த முடியுமா என்ற கேள்விக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்?

எனவே, சர்க்காரைக் கேட்பதும் சொந்த வலையைக் கட்டுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. கையில் ஓர் உதாரணம் இருந்தால்தான் கோரிக்கைக்குப் பல் முளைக்கும். கம்பெனி இல்லாமல் முடியாது என்று அதிகாரிகள் கையை விரிக்கும்போது, இதோ, எங்கள் மாடியில் நடக்கிறது என்று காட்ட வேண்டும்.

பிச்சை அல்ல, சந்தா

பெரிய தனவந்தர் எவராவது மொத்தமாகக் கொடுத்துவிட்டால் தொல்லை தீராதா என்றும் சிலர் நினைக்கலாம். ஒரு கை கொடுத்ததை அதே கை ஒருநாள் எடுத்துவிடலாம். ஆயிரம் கைகள் கொடுத்ததை எவராலும் எடுக்க முடியாது. பத்துப் பேர் விலகினாலும் மற்றவர்கள் தாங்குவார்கள். சின்னத் தொகைகளின் பலம் அதுதான்.

தொழிற்சங்கத்தில் இருப்பவர்களுக்கு இது விளங்காத விஷயமல்ல. சங்கம் போராடி வாங்கும் போனஸ், சந்தா கட்டாதவனுக்கும் கிடைக்கிறது. அதனால் சந்தாவே வேண்டாம் என்று வர்க்க உணர்வுள்ள தொழிலாளி சொல்வானா? எல்லோரும் அப்படிச் சொன்னால் சங்கம் ஏது, போனஸ் ஏது? இணைய வலையும் அப்படித்தான். வேலையிழந்தவரின் வீட்டில், நோயாளியின் வீட்டில், படிக்கிற பிள்ளையின் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டுமானால், சம்பளம் வாங்குகிற அண்டை வீட்டுக்காரர் தம் பங்கைக் கொடுத்தாக வேண்டும். அவர் கொடுப்பது தருமம் அல்ல. தனக்கும் சொந்தமான ஒன்றைக் காப்பதற்கான பங்கு.

ஆனால் கேட்கிறவர்களுக்கும் கடமை உண்டு. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, எதற்குப் போயிற்று என்று ஒவ்வொரு காசுக்கும் பகிரங்கமாகக் கணக்குச் சொல்ல வேண்டும். கொடுக்க முடியாதவரை முகம் சுளித்துப் பார்க்கக் கூடாது. கொடுத்தவருக்குத் தனிச் சலுகையும் கூடாது. இது தவறினால் மக்கள் சேவைக்கும் கம்பெனிக்கும் உள்ள கோடு அழிந்துபோகும்.

மிகைப்படுத்தவும் வேண்டாம். 80 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தில், இந்த வலையின் இணைப்புகள் ஆயிரக்கணக்கில்தான் எண்ணத் தக்கவை. வெரைசனை நாளைக்கே அது வீழ்த்திவிடப் போவதில்லை. ஆனால் அது சிறியதாக இருப்பதே, ஒவ்வொரு நன்கொடையும் கணக்கில் நிற்பதற்குக் காரணம். கம்பெனியின் கோடிகளில் உங்கள் 10 டாலர் ஒரு துளி. இங்கேயோ, அத்தகைய பத்துப் பேர் சேர்ந்தால் இன்னொரு மாடியில் ஆன்டெனா எழும்பும்.

அந்த வலையில் தினமும் செய்தி படிக்கிறவர்களே! பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்களே! வேலை தேடுகிறவர்களே! கம்பெனி கேட்டபோது, கணக்குக்கூடப் பார்க்காமல் மாதாமாதம் கட்டினீர்கள். மக்கள் சேவை கேட்கும்போது மட்டும் இலவசம்தானே என்று கதவைச் சாத்தாதீர்கள். முடிந்ததைக் கொடுங்கள்! மாதந்தோறும் கொடுங்கள்! பணம் இல்லாதவர் உழைப்பைக் கொடுங்கள். மாடி உள்ளவர் மாடியைக் கொடுங்கள்!

இன்று நாம் கொடுக்கத் தவறினால், நாளை அதற்கு விலை பேச ஒருவன் வருவான். அவன் கேட்கும் விலை நன்கொடையாக இருக்காது.