மண்டகப்பட்டுக்கு மறுபடியும் போகிறவர்கள்

வரலாற்றில் பட்டம் பெறாதவர்கள் பல்லவர் காலத்தைப் பற்றிச் சொந்த இணையதளம் நடத்துவது ஆய்வுக்குக் கேடு என்று ஓர் ஆய்விதழ்க் கட்டுரை அண்மையில் தீர்ப்பெழுதியிருக்கிறது. தீர்ப்பைவிட அதன் தோரணைதான் நம்மைச் சீண்டுகிறது. பல்லவர் வரலாறு இதுவரை யார் யாரால் எழுதப்பட்டது என்று கட்டுரையாளர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

காஞ்சி கைலாசநாதர் கோயிலில் வெள்ளைப்பூச்சுக்கு அடியில் கிடந்த ஓவியங்களை 1931இல் கண்டு சொன்ன ழுவோ துப்ரெய், புதுச்சேரிக் கல்லூரியில் அறிவியல் கற்பித்தவர். மகேந்திரவர்மனுக்கும் நரசிம்மவர்மனுக்கும் மூன்றாம் நந்திவர்மனுக்கும் தனித்தனி நூல் தந்த மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியர். பிராமியைப் படித்துக்காட்டிய பிரின்செப் நாணயச்சாலைக்காரர். தமிழ்பிராமியில் வாழ்நாளைச் செலவிட்ட ஐராவதம் மகாதேவன் ஆட்சிப் பணியிலிருந்து வந்தவர். இவர்கள் விதிவிலக்குகள் என்று பதில் வரும். இந்த விதிவிலக்குகளைக் கழித்துவிட்டு இத்துறையின் வரலாற்றை எழுதிக் காட்டட்டும்.

கல்கியின் நாவல் மாந்தர்களான சிவகாமியையும் ஆயனரையும் மெய்யாக வாழ்ந்தவர்களாக எழுதிவைக்கும் தளங்கள் உண்டு. அவற்றுக்காக நாம் வாதாடவில்லை. நாவலைப் படித்துவிட்டுக் கிளம்பி, பிறகு நாவலைத் தாண்டிக் கல்லுக்குப் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றியே பேசுகிறோம்.

மண்டகப்பட்டுக் குடைவரையையே எடுத்துக்கொள்வோம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிப் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்ததாக விசித்திரசித்தன் என்ற பட்டம் கொண்ட மகேந்திரவர்மன் அறிவித்த பாறை அது. அந்தப் பெருமிதம்! கட்டடக்கலையில் தான் செய்தது புதிது என்று தெரிந்தே செய்த ஒருவனின் குரல் அந்த ஒற்றைச் சுலோகத்தில் இருக்கிறது. குடிமயக்கத்திலிருந்த காபாலிகனைப் பற்றி அங்கத நாடகம் எழுதியவனும் அவனே. இருபுறமும் நிற்கும் வாயிற்காவலரின் உடல் திருப்பத்தைக் காலை வெயிலில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பார்க்காதவர் அதைப் பார்த்ததாகவே நாம் கொள்ள மாட்டோம். ஆய்வேட்டுக்காக ஒருமுறை வந்து குறிப்பெடுத்துப் போகிறவருக்கு இதற்கு நேரமிருப்பதில்லை. ஆர்வலர் விடுமுறைதோறும் வருகிறார். சென்ற முறை தெளிவாயிருந்த எழுத்து இந்த முறை மங்கியிருப்பதை அவர்தான் காண்கிறார்.

திருப்பணி என்ற பெயரில் எத்தனை கோயில்களில் மணல்வீச்சு நடந்தது! எத்தனை கல்வெட்டுகள் தரையோட்டுக்கு அடியில் போயின! முந்தைய நிலைக்குச் சில இடங்களில் எஞ்சிய சாட்சி, யாரோ ஒரு வங்கி ஊழியர் எடுத்துத் தன் தளத்தில் தேதியிட்டு வைத்த படம்தான். மாமல்லபுரம் முழுதும் பல்லவன் ராஜசிம்மன் பணியா என்று 1960களில் எழுந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அந்த வழக்கில் அடிபடும் அத்யந்தகாமன் என்ற பட்டம் எங்கெங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் படங்களோடு வரிசையாக வைத்துக் காட்டும் தளம், முடிவை மட்டும் சொல்லும் கட்டுரையைவிட வாசகரை மதிக்கிறது.

படியெடுக்கப்பட்டும் அச்சேறாத கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. தரம் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் அவற்றை வெளியிடச் சொல்லிக் குரல் கொடுக்கட்டும்.

இன்னொன்று. தளம் நடத்துகிறவர் இறந்தால் ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளில்லை. அவரது உழைப்பு அப்படியே மறைந்துவிடும். 2009இல் இணையப்பக்கச் சேவையான ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது தனியார்வத்தால் உருவான ஏராளமான பக்கங்கள் அழிந்தன. மிஞ்சியவற்றைக் காத்ததும் ஆர்வலர்களே. நம் பல்கலைக்கழக நூலகங்கள் இத்தளங்களின் படியை உழைத்தவர் பெயரோடு இப்போதே வாங்கிப் பாதுகாக்க வேண்டும். இதற்கு முன்வரும் எந்த நூலகத்தோடும் இவ்விதழ் சேர்ந்து உழைக்கும்.