"ஒரு துணி குறைகிறது!"

களத்துமேட்டில் நெல் அளப்பதைப் பார்க்காத விவசாயத் தொழிலாளி உண்டா? அளப்பவர் முதல் மரக்காலை "லாபம்" என்பார். பிறகு இரண்டு, மூன்று என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போவார். கூலிக்காரர்கள் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்பார்கள். வாய்விட்டு எண்ணாத இடத்தில் கூலி நெல் குறையும் என்பது நம் அனுபவம்.

ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறையிலும் இப்படி ஓர் எண்ணிக்கை உண்டு. அங்கே கணக்குத் தப்பினால் போவது உயிர்.

சில வருஷங்களுக்கு முன் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே அவசியமில்லை. முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. காது மட்டும் நன்றாகக் கேட்டது. தையல் போடும் சமயம் ஒரு பெண் குரல்: "சார், ஒரு துணி குறைகிறது."

"சரியாக எண்ணம்மா. அடுத்த கேஸ் காத்திருக்கிறது" என்றார் டாக்டர்.

மறுபடி எண்ணினார். "குறையத்தான் செய்கிறது சார். கொஞ்சம் பொறுங்கள்."

டாக்டர் கையை நிறுத்தினார். துணி மேஜைக்கு அடியில் அகப்பட்டது. பிறகுதான் தையல் நடந்தது.

மறுநாள் வார்டுப் பக்கம் வந்த அந்த நர்ஸிடம், "டாக்டரை நிறுத்தச் சொல்லப் பயமாக இல்லையா, தங்கச்சி?" என்று கேட்டேன். "பயம்தான் அண்ணே. நான் ஒப்பந்த நர்ஸ். நாளைக்கே வர வேண்டாம் என்று சொல்லலாம். அதற்காகத் தெரிந்தே விட முடியுமா?" என்றார்.

தோழர்களே, இந்தப் பதிலில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

ஆபரேஷன் அறையில் ஒரு நர்ஸ் கைகளைச் சுத்தமாகக் கழுவி, கிருமி நீக்கிய உடை அணிந்து, டாக்டருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுக்கிறார். இன்னொருவர் மேஜையைத் தொடாமல் வெளியே நின்று, கேட்ட சாமான்களைக் கொண்டுவருகிறார், கணக்கை எழுதுகிறார். துணி, ஊசி, கத்தரி எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து உரக்க எண்ண வேண்டும். தொடங்குமுன் ஒரு முறை, உடம்பை மூடுமுன் ஒரு முறை, முடிவில் ஒரு முறை. இரத்தத்தில் நனைந்த துணி சதையோடு சதையாகத் தெரியும். எவ்வளவு கெட்டிக்கார டாக்டரானாலும் கண்ணை மட்டும் நம்ப முடியாது. அதனால்தான் எண்ணிக்கை.

இதனால் பலன் உண்டா? உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அறையை விட்டுப் போகும் முன் என மூன்று முறை எல்லோரும் நின்று சரிபார்க்க வேண்டும். நோயாளி யார், எந்த ஆபரேஷன், எந்த இடத்தில், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எண்ணிக்கை சரியா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புதுடில்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் இதைச் சோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயிரம் நோயாளிகளில் 15 பேர் இறந்த நிலை மாறி, 8 பேர் என்று குறைந்தது. விலை உயர்ந்த யந்திரம் எதுவும் இல்லை; வாயும் காதும்தான் கருவி!

ஆனால் காகிதத்தில் பட்டியல் இருந்தால் மட்டும் போதுமா? எண்ண வேண்டிய நர்ஸை இன்னொரு மேஜைக்கும் ஓடு என்றால் எப்படி எண்ணுவார்? இரவு ஷிப்டு முடித்தவரைப் பகலிலும் நிறுத்தினால் கண் எப்படித் தெளிவாக இருக்கும்? ஸ்பின்னிங்கில் ஒருவர் தலையில் இரண்டு பேர் வேலையைச் சுமத்தினால் என்ன ஆகும் என்று மில் தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "நிறுத்துங்கள்" என்று சொல்லத் துணிவு வேண்டும். நாளைய சோறு நிச்சயமில்லாதவருக்கு அந்தத் துணிவு எவ்வளவு நாள் தாங்கும்?

2015இல் பரீட்சை வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான நர்சுகளுக்குத் தமிழக அரசு கொடுத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு பணி நிரந்தரம் கேட்டார்கள். "நோயாளிகளைத் தவிக்க விடலாமா?" என்று அப்போது அங்கலாய்த்தவர்கள் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: நோயாளியைக் காக்கிற நர்ஸைத் தவிக்க விட்டவர்கள் யார்?

நம்மிடமும் குறை உண்டு. மதுரை பெரியாஸ்பத்திரிக்குச் சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர், தேனி, திண்டுக்கல்லிலிருந்தெல்லாம் ஏழை ஜனங்கள் வருகிறார்கள். நெரிசலில் நமக்கு வரும் ஆத்திரத்தை எதிரே நிற்கும் நர்ஸ் மீதுதான் கொட்டுகிறோம். பெயரை மூன்றாம் முறை கேட்டால் எரிந்து விழுகிறோம். தோழரே, அவர் கேட்பது உங்கள் உயிருக்காக! பொறுமையாகச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் ஆபரேஷன், எந்த மருந்து சேராது, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தங்கள் தீர்மானங்களில் இவற்றைச் சேர்க்க வேண்டும்: ஆபரேஷன் அறையில் போதிய நர்சுகள், அவர்களுக்கு நிரந்தர வேலை, கணக்குத் தப்பினால் கத்தியை நிறுத்தச் சொல்லும் உரிமை. அந்த மேஜையில் நாளை படுக்கப்போவது நாமோ நம் மனைவி மக்களோதான்.