பார்த்தவர் யார்?

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது பழமொழி. அந்தப் பேய் ஆளையும் கொல்லும் என்பதை 2025 ஜனவரி 22 அன்று பார்த்தோம். லக்னோவிலிருந்து மும்பைக்கு வந்துகொண்டிருந்த புஷ்பக் எக்ஸ்பிரஸில், மகாராஷ்டிர மாநிலம் ஜல்காவ் மாவட்டத்தில், "தீ" என்று யாரோ கத்தினார்கள். சங்கிலி இழுக்கப்பட்டு வண்டி நின்றது. பயந்துபோனவர்கள் பக்கத்துத் தண்டவாளத்தில் குதித்தார்கள். அதில் வந்த கர்நாடகா எக்ஸ்பிரஸ் மோதி 13 பேர் மாண்டனர். வண்டியில் தீயே பிடிக்கவில்லை. 2013 நவம்பரில் ஆந்திராவின் விஜயநகரம் அருகேயும் தீப் புரளியால் இப்படியே உயிர்கள் போயின.

பிரேக் விடுபடாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டால் புகை வரும், பொறி பறக்கும், கருகல் நாற்றமும் வரும். அது டி.டி.இ.யிடமோ 139 எண்ணிலோ உடனே சொல்ல வேண்டிய கோளாறுதான். ஆனால் பெட்டி பற்றி எரிகிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

"எச்சரிப்பது தப்பா? உண்மையாக இருந்துவிட்டால்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் ரயில்வேயில் இருந்த நாளில் லைனில் ஆபத்து என்றால் கேங்மேன் சிவப்புக் கொடி காட்டுவார். எந்தக் கிலோமீட்டர், எந்த லைன், என்ன பழுது, பார்த்தவர் யார் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தகவல் போகும். எச்சரிக்கைக்கு இடமும் நேரமும் ஆளும் உண்டு. புரளிக்கு இவை எதுவும் கிடையாது.

இப்படிப் பேசுகிற நானும் தவறியவன்தான். சில வருஷங்களுக்கு முன், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாகக் கைபேசியில் வந்த செய்தியை, பேத்தி பள்ளிக்குப் போகிறாளே என்ற பதைப்பில் பத்துப் பேருக்கு அனுப்பினேன். மறுநாள் எங்கள் குடியிருப்பில் போர்வை விற்க வந்தவரைப் பலர் சூழ்ந்துகொண்டார்கள். "வருஷா வருஷம் வருகிறவர் இவர்" என்று நான் இறங்கிப் போய்ச் சொன்ன பிறகே விட்டார்கள். அவர் கை நடுங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் நின்றது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மாளைப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றுவிட்டார்கள். உடன் வந்த உறவினர்களில் மலேசியாவிலிருந்து வந்தவரும் இருந்தார். யோசித்துப் பாருங்கள்: கோடை விடுமுறையில் சொந்தக் கிராமத்துக்குப் போகும் நாமும், நம் பிள்ளைகளும் அங்கே யாருக்குத் தெரிந்த முகம்?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குவதாக, வேறெங்கோ எடுத்த படங்களைப் பரப்பினார்கள். காவல்துறை மறுத்தது, பீகார் அரசின் குழுவும் நேரில் வந்து விசாரித்தது. அதற்குள் பலர் பயந்து ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். பிழைக்கப் போன ஊரில் புரளி கிளம்பினால் முதலில் அடிபடுபவன் வெளியூர்க்காரன். அந்த வெளியூர்க்காரர்கள்தான் நாமும்.

ரயிலில் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். உண்மையிலேயே புகை சூழ்ந்தால் முதலில் அடுத்த பெட்டிக்கு நகருங்கள். இறங்கியே தீர வேண்டுமானால், பக்கத்தில் தண்டவாளம் இல்லாத பக்கம் பார்த்து இறங்குங்கள். இரட்டைப் பாதையில் வண்டிகள் பொதுவாக இடப்புற லைனில் ஓடுவதால், வண்டி போகும் திசைக்கு இடப்பக்கமே அது. வேகமாக வரும் எக்ஸ்பிரஸ் பிரேக் போட்ட பிறகும் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆகும். பாஷை தெரியாத கூட்டம் ஓடுகிறது என்பதற்காகக் கூடவே ஓடாதீர்கள்.

நம் சங்கத்துக் கைபேசிக் குழுவுக்கும் ஒரு விதி வேண்டும். ஆபத்துச் செய்தி எதுவானாலும் பார்த்தவர் யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் இருந்தால் மட்டுமே போட வேண்டும். இல்லையென்றால் முதலில் காவல் நிலையத்தில் விசாரிக்க வேண்டும். செயற்குழு இதை ஆலோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறாக அனுப்பிய கைகளில் என் கையும் ஒன்று என்பதால் சொல்கிறேன்.